சென்னை சர்வதேசத் திரைப்பட விழா: விருத்தாசலத்திலிருந்து ஒரு மதிப்பீடு

சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை 2003-ஆம் ஆண்டு முதல் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்தி வருகிறது. பெரும்பாலும் டிசம்பரில், இசைவிழாக் காலத்தை ஒட்டி, எட்டு நாட்கள் நடைபெறும். உட்லண்ட்ஸ், கேசினோ, ஐநாக்ஸ், ரஷ்யக் கலாச்சார மையம் என்று அரங்குகள் ஆண்டுக்காண்டு மாறி வந்துள்ளன. அண்மை ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் திரையிடப்படுகின்றன. தமிழக அரசு தொடர்ந்து நிதியுதவி அளிக்கிறது. எனவே இது சென்னை நகரத்தின் விழா என்பதோடு மாநிலத்தின் விழாவும் ஆகிறது. அதன் படத் தேர்வைத் தலைநகரில் இருப்பவரின் கண்ணால் மட்டும் பார்ப்பது போதாது.

இக்கட்டுரை அத்தேர்வைச் சென்னையிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும் விருத்தாசலத்தில் நின்று பார்க்கிறது. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் பழமலைநாதர் கோயிலுக்கும் மணிமுத்தாற்றுக்கும் பெயர் பெற்றது. வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் ஊர் என்றால் உடனே புரியும். இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகள், ஃபியூஸ் கட்டைகள், கழிப்பறைச் சாதனங்கள் ஆகியவை செய்யப்படுகின்றன. சினிமாவுக்கும் இவ்வூருக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 2006-இல் நடிகர் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. அவர் இயக்கி நடித்து 2010-இல் வெளிவந்த ‘விருத்தகிரி’ படத்தின் தலைப்பும் ஊரின் பெயரை நினைவூட்டுவதுதான். சற்றுத் தள்ளிப் பண்ருட்டிப் பக்கம் போனால் தங்கர் பச்சானின் கதைக்களம் வந்துவிடும். ஆனால் உலக சினிமா என்ற சொல் இவ்வூருக்குச் செய்தித்தாளின் வழியாகவே வருகிறது. டிசம்பரில் விழாப் பட்டியல் அச்சாகும். அதைப் படித்து முடிப்பதோடு சரி.

முன்னோடி விழாக்கள்

சென்னைக்கு உலகத் திரைப்படங்கள் வந்தது 2003-இல் அல்ல. இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரி 24-இல் பம்பாயில் தொடங்கியது. அது அங்கேயே முடிந்துவிடவில்லை. சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் அதே விழா பயணப்பட்டது. இத்தாலியின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ஜப்பானின் ‘ரஷோமோன்’ போன்ற படங்களை இந்தியர்கள் பலர் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ 1953-இல் வந்ததற்கு ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ தந்த உந்துதல் ஒரு காரணம் என்பது பலரும் எழுதியதே.

தமிழிலும் அதற்கொரு சான்று உண்டு. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் ‘ரஷோமோன்’ படத்தைத் திரைப்பட விழா ஒன்றில் பார்த்தார். அதன் தாக்கத்தில் அவர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954-இல் ஏவிஎம் தயாரிப்பாக வெளிவந்தது. ஒரு கொலை, அதைப் பற்றிப் பலர் சொல்லும் பல கதைகள், ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாட்டில்லாமல் தமிழ்ப்படம் எடுக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதற்குப் பின்னால் ஒரு ஜப்பானியப் படம் இருந்தது. விழாக்களின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் போதும்.

அந்தக் காலத்தில் படம் என்பது தகரப் பெட்டிகளில் அடைத்த பிலிம் சுருள். பல பெட்டிகள் சேர்ந்தால்தான் ஒரு படம். அவற்றைத் தூக்கிக்கொண்டு 1952-இல் விழா ஊர் ஊராகப் போனது. இன்று ஒரு படம் கைக்கடக்கமான வன்தட்டில் வந்துவிடுகிறது. விழா மட்டும் ஓரிடத்தைவிட்டு நகர்வதில்லை.

படத் தேர்வு

விழா அறிவிப்புகளில் முதலில் கண்ணில் படுவது நாடுகளின் எண்ணிக்கை. அது பன்மைக்கான அளவுகோல்தான். ஆனால் அந்த எண்ணிக்கை மட்டும் போதாது. ஐம்பது நாட்டுப் படங்களும் ஐரோப்பிய விழா ஒன்றின் ஒரே சல்லடையில் சலித்து வந்தவை என்றால், நாடு ஐம்பதாக இருந்தாலும் ரசனை ஒன்றுதான். 2018-இல் 16-ஆவது விழாவின் தொடக்கப் படம் ஹிரோகசு கொரீடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’. 2019-இல் 17-ஆவது விழாவின் தொடக்கப் படம் போங் ஜூன் ஹோவின் ‘பாரசைட்’. இரண்டும் அந்தந்த ஆண்டில் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றவை. இரண்டும் சிறந்த படங்கள். அவற்றைத் தேர்ந்தெடுத்ததைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் மே மாதம் கான் ஏற்றுக்கொண்டதை டிசம்பரில் வழிமொழிவது மட்டுமே தேர்வாகிவிடாது. யாரும் பரிசளிக்காத ஒரு படத்தை ‘இது எங்கள் கண்டுபிடிப்பு’ என்று முன்வைக்கும் துணிவும் விழாவுக்கு வேண்டும்.

இந்த இரண்டு படங்களும் தமிழ்ப் பார்வையாளருக்கு எவ்வளவு நெருக்கமானவை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ டோக்கியோவின் ஒரு சிறு வீட்டில் நெருக்கியடித்து வாழும் குடும்பத்தின் கதை. பாட்டியின் ஓய்வூதியமும் சில்லறைத் திருட்டும் அவர்களுடைய வாழ்வாதாரம். போகப் போக ஓர் உண்மை தெரிகிறது. அவர்களுக்குள் இரத்த உறவு இல்லை. பெற்றோர் அடித்து வதைத்த ஒரு சிறுமியை இவர்கள் எடுத்து வளர்க்கிறார்கள். சட்டம் அதைக் கடத்தல் என்கிறது. பெற்றவள்தான் தாயா, வளர்த்தவள் தாயா என்ற கேள்வி தமிழ் மேடைக்கும் தமிழ்த் திரைக்கும் புதிதல்ல. நாம் அந்தக் கேள்வியை உரத்த வசனத்தில் கேட்டுப் பழகியவர்கள். கொரீடா அதைச் சோறு பரிமாறும் காட்சிகளிலும், விசாரணை அறையில் ஒரு பெண் கண்ணீரைக் கையால் துடைத்துத் துடைத்து நிற்கும் ஒரு காட்சியிலும் கேட்கிறார். பழக்கமான கேள்வியை இப்படியும் கேட்கலாம் என்று காட்டுவதுதான் பன்மை. ஜப்பான் என்ற பெயர் பட்டியலில் ஏறுவதால் மட்டும் அது வந்துவிடாது.

‘பாரசைட்’ படத்தில் ஒரு மழை இரவு வருகிறது. மேட்டில் இருக்கும் செல்வந்தர் வீட்டிலிருந்து ஏழைக் குடும்பம் படி படியாக இறங்கி ஓடுகிறது. அவர்கள் குடியிருக்கும் பாதித் தரைக்கடி வீடு சாக்கடை நீரில் மூழ்கிக் கிடக்கிறது. மறுநாள் காலை செல்வந்தர் வீட்டுப் பெண்மணி, மழை பெய்ததால் காற்று சுத்தமாகிவிட்டது என்று தொலைபேசியில் மகிழ்கிறார். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை அறிந்தவர் எவருக்கும் இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. அதே வெள்ளத்தால் சென்னை விழாவின் 13-ஆவது பதிப்பு 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. இந்தப் படத்தை அதிகம் உணர்ந்து பார்க்கக்கூடியவர்கள் மணிமுத்தாற்றின் கரையிலும் கெடிலத்தின் கரையிலும் இருந்தார்கள். படமோ சென்னையின் குளிரூட்டப்பட்ட அரங்கில் தொடக்கவிழா விருந்தினர் முன் ஓடியது. பின்னர் ஆஸ்கர் கிடைத்தபோது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்டது, 1999-இல் வந்த ‘மின்சார கண்ணா’வோடு அதற்குள்ள ஒற்றுமை பற்றி. படத்தைப் பற்றிப் பேச வேறு விஷயமே இல்லாதது போல!

தூதரகங்களும் அயல்நாட்டுக் கலாச்சார மையங்களும் விழாவுக்குத் துணைநிற்பது நல்ல காரியம். ஆனால் அந்த வழியில் வரும் படங்களில் ஒரு சாய்வு இருப்பது இயல்பு. வசதியும் மையமும் உள்ள நாடுகளின் படங்கள் எளிதில் வந்து சேரும். ஆப்பிரிக்கப் படங்களைத் தேடித்தான் கொண்டுவர வேண்டும். செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன் மார்சேய் துறைமுகத்தில் சுமை தூக்கியவர், நாவலாசிரியர். தம் மக்களில் பெரும்பாலோர் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால், அவர்களைச் சென்றடையவே நாற்பது வயதை ஒட்டிச் சினிமாவுக்கு வந்தார். 1966-இல் வந்த ‘பிளாக் கேர்ள்’ முதல் 2004-இல் வந்த ‘மூலாதே’ வரை அவருடைய படங்கள் தமிழ்நாட்டுக் கிராமத்தில் எளிதில் புரியக்கூடியவை. பக்கத்து வீடான இலங்கைக்கும் இது பொருந்தும். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956-இலேயே ‘ரேகாவ’ எடுத்துவிட்டார். பிரான்சின் புதிய அலையைப் பற்றிச் சரளமாகப் பேசும் தமிழ் ரசிகர்கள் பலருக்குப் பாக் நீரிணைக்கு அப்பால் ஒரு திரைமேதை இருந்தது தெரியாது. விழாவின் பின்னோக்குப் பிரிவுகள் இந்த இடைவெளியை நிரப்பினால், அதைவிடப் பெரிய சேவை இல்லை.

தமிழ்ப் படப் போட்டி

விழாவில் தமிழ்ப் படங்களுக்குத் தனிப் போட்டி உண்டு. 2018-இல் ‘பரியேறும் பெருமாள்’, 2023-இல் ‘அயோத்தி’, 2024-இல் ‘அமரன்’ ஆகியவை சிறந்த படமாகத் தேர்வாயின. மூன்றும் விழாவுக்கு முன்பே திரையரங்குகளில் ஓடியவை. ‘அமரன்’ தீபாவளிக்கு வெளியாகிப் பெருவெற்றி கண்ட படம். அவை பரிசுக்குத் தகுதியற்றவை என்பது வாதமல்ல. ‘பரியேறும் பெருமாள்’ எந்த விழாவிலும் பரிசு பெறத்தக்க படம். ஆனால் மக்கள் ஏற்கெனவே பணம் கொடுத்துப் பார்த்துப் பேசி முடித்த படத்துக்கு ஆண்டு முடிவில் மாலை போடுவது விருது விழாவின் வேலை. திரைப்பட விழாவின் வேலை வேறு.

அந்த வேலையைத் தமிழ்ப் படங்களுக்கு வெளிநாட்டு விழாக்கள் செய்து வருகின்றன. ‘காக்கா முட்டை’ 2014-இல் டொரன்டோவில் திரையிடப்பட்டது. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. கரட்டு வெயிலில் ஒரு குடிகாரத் தந்தையும் பள்ளியிலிருந்து பாதியில் இழுத்து வரப்பட்ட அவருடைய மகனும் நடக்கிறார்கள். படம் அவ்வளவுதான், ஒன்றேகால் மணி நேரம். அந்தப் பையனின் முகத்தைப் போன்ற முகத்தை அரசுப் பள்ளி வகுப்பறையில் பார்க்காத ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அந்தப் படத்தின் மதிப்பை முதலில் உரக்கச் சொன்னவர்கள் மேலூரைப் பார்த்தே இராதவர்கள். படம் 2023-இல்தான் ஓடிடி தளத்தின் வழியாகத் தமிழ் ரசிகரை அடைந்தது. வினோத்ராஜின் அடுத்த படமான ‘கொட்டுக்காளி’யும் 2024-இல் முதலில் பெர்லினுக்குப் போய்விட்டுத்தான் ஊர் திரும்பியது.

சென்னை விழா தமிழ்ப் போட்டியை வெளியாகாத படங்களுக்கென்று ஒதுக்கினால், அல்லது வெளியாகாத முதல் படங்களுக்கென ஒரு தனிப் பிரிவாவது வைத்தால், தமிழின் அடுத்த ‘கூழாங்கல்’ பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருக்காது. நட்சத்திரங்கள் மேடையேறாத நிறைவு விழா செய்தியாகாது என்ற அச்சம் அமைப்பாளர்களுக்கு இருக்கலாம். அந்த அச்சத்துக்கு நியாயமும் உண்டு. ஆதரவாளர்களைத் திரட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு விழாவைத் தொடர்வது எளிய காரியமல்ல. இந்தக் கண்டனம் அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல.

சப்டைட்டில் என்னும் வேலி

விழாவில் பிறமொழிப் படங்கள் ஆங்கில சப்டைட்டிலுடன் காட்டப்படுகின்றன. பாரசீகம், கொரியம், போலிஷ் என்று மொழி எதுவானாலும் தமிழர் அதை ஆங்கிலத்தின் வழியாகவே அடைய வேண்டும். ஒரு வரி திரையில் இரண்டு மூன்று விநாடிகள்தான் நிற்கும். அதற்குள் படித்து, பொருள் கொண்டு, முகத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படித்துவிட்டுப் பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கும் இளைஞருக்கு இது படிக்கட்டே இல்லாத மாடி. அவருக்குப் படம் புரியாது என்பதல்ல. அவரைப் படத்தின் அருகில் விடவில்லை என்பதே சரி.

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ 1997-இல் வந்தது. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அண்ணன், ஒரே ஜோடிக் காலணியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுவது கதை. இதைத் தமிழ்ச் சிறுவர்கள் பார்க்க, 2022-இல் ‘அக்கா குருவி’ என்ற பெயரில் தமிழில் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. மறு ஆக்கம் வருவதில் தவறில்லை. ஆனால் தமிழ் சப்டைட்டில் இருந்திருந்தால் மூலப் படத்தையே பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டிருக்கலாம்.

கேரளத்தில் எம்சோன் என்ற தன்னார்வக் குழு 2012 முதல் உலகப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில் எழுதி இலவசமாக வெளியிட்டு வருகிறது. ஆயிரக்கணக்கான படங்களைத் தாண்டிவிட்டது. எழுதியவர்களில் பெரும்பாலோர் திரைத்துறை சாராத சாதாரண ரசிகர்கள். தமிழில் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பஞ்சமில்லை. ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே இங்கு உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் ஐந்து படங்களுக்காவது விழா தமிழ் சப்டைட்டில் போட்டால், அந்த ஐந்தும் விழா முடிந்த பின்னும் ஊர் ஊராகப் பயன்படும்.

எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே என்ற பதில் இப்போது வழக்கமாகிவிட்டது. கிடைப்பது உண்மை. நூலகத்தில் எல்லாப் புத்தகமும் இருக்கிறது என்பதும் உண்மை. எதை எடுப்பது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், படித்த பின் பேச இன்னோர் ஆள் வேண்டும். ஓடிடி தளங்களிலும் உலகப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் அரிது.

சென்னைக்கு வெளியே

விருத்தாசலம் பெரிய ரயில் சந்திப்பு. வைகை, பல்லவன் போன்ற பகல் நேர விரைவு வண்டிகள் இங்கு நிற்கும். ஆயினும் பல்லவனில் போனால் எழும்பூரில் இறங்குவதற்கே நண்பகல் ஆகிவிடும். காலைக் காட்சி போயிற்று. மாலைக் காட்சி பார்த்தால் திரும்ப இரவு வண்டி, அல்லது உறவினர் வீடு. எட்டு நாட்கள் விழா பார்க்க எட்டு நாள் கூலியை விட வேண்டும், தங்கும் செலவு தனி. கல்லூரி மாணவியருக்கு வீட்டில் அனுமதி வாங்குவது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். எனவே சென்னை விழாவின் பார்வையாளர் பெரும்பாலும் சென்னைவாசியாகவும் திரைத்துறையில் நுழைய முயல்பவராகவும் இருப்பதில் வியப்பில்லை.

கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996 முதல் நடைபெறுகிறது. மாநில அரசின் சலச்சித்திர அகாதெமி அதை நடத்துகிறது. அதன் போட்டிப் பிரிவு ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டும் உரியது. இந்த ஒரு விதியே அதன் முகத்தைத் தீர்மானித்துவிட்டது. 2021-இல் கொரோனா காரணமாக அதன் 25-ஆவது பதிப்பைத் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என நான்கு ஊர்களில் பிரித்து நடத்தினார்கள். தலச்சேரி மாநகரம் அல்ல. கூட்டத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடுதான், ஆனாலும் விழா நடக்கும் என்பதை அது காட்டிவிட்டது. அதற்கும் முன்பே, 1984-இல் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா குழு கிராமம் கிராமமாகப் படம் காட்டி, மக்களிடம் திரட்டிய பணத்தில் 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தது. அதே ஜான் ஆபிரகாம்தான் 1977-இல் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை எடுத்தவர்.

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் 2022-இல் புதுக்கோட்டையில் உலகத் திரைப்பட விழா நடத்தியது. இவை சென்னை விழாவோடு தொடர்பின்றித் தனியாக நடக்கின்றன. ஒரே படத்துக்கு இருவர் தனித்தனியே அலைகிறார்கள். விழாப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழிலிருந்து விலக்குப் பெற வேண்டும், உரிமையாளருக்குக் காட்சிக் கட்டணம் கட்ட வேண்டும், கூடுதல் ஊர் என்றால் கூடுதல் கட்டணம். இவை உண்மையான தடைகள். எல்லாப் படங்களையும் அனுப்ப வேண்டியதில்லை. சென்னையில் முடிந்தவுடன் பத்துப் படங்கள், இரண்டு மூன்று மாவட்ட ஊர்கள், ஊருக்கு மூன்று நாள் என்று தொடங்கலாம். அரசு நிதியில் ஒரு பங்கை இதற்கென்றே குறித்துவிட்டால் அமைப்பாளர்களுக்கும் பாரம் இராது.

அப்படி ஒரு பத்துப் படப் பெட்டி விருத்தாசலத்துக்கு வருமானால், அதில் கென்ஜி மிசோகுச்சியின் ‘உகெட்சு’ இருக்க வேண்டும். 1953-இல் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்க விருது பெற்ற படம். அதன் நாயகன் கெஞ்சுரோ ஒரு குயவன். போர்ப்படை ஊருக்குள் புகுந்து ஆட்களைப் பிடிக்கிறது, எல்லோரும் மலைக்கு ஓடுகிறார்கள். அவனுக்கு மட்டும் மனசு சூளையிலேயே இருக்கிறது. தீ அணைந்தால் அத்தனை நாள் உழைப்பும் வீண். உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி வருகிறான். தீ அணைந்திருக்கிறது, ஆனால் பாத்திரங்கள் நன்றாக வெந்திருக்கின்றன. பேயின் காதல், போரின் கொடுமை, பேராசை என்று இப்படத்தைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். சூளைக் கதவைத் திறக்கும் அந்த நிமிடத்தைப் பற்றிச் சொல்ல, பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் சூளை பார்த்தவருக்கு அவர்கள் எழுதாத ஏதாவது இருக்கும்.